பழைய வில்ட்ஷயர் படங்களில் எல்லோரும் சறுக்கும் இடங்கள்

என்னிடம் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் இருக்கும் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் படம் போட்ட ஒரு பழைய தபால் அட்டை இருக்கிறது. பின்பக்கம் ஏழாம் எட்வர்ட் தலை போட்ட பச்சை அரைப் பென்னி தபால்தலை, அதன்மேல் 1906 என்று நன்றாக விழுந்த முத்திரை. ரொம்ப நாள் அதை 1906ஆம் ஆண்டுப் படம் என்றுதான் குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, நடுவில் நிற்கும் மிக உயரமான கல் நேராக நிற்கவில்லை, ஒருபக்கமாகச் சாய்ந்து பக்கத்திலிருக்கும் சின்னக் கல்லின்மேல் விழப்போவதுபோல் இருந்தது. அந்தக் கல்லை வில்லியம் கவ்லண்ட் மேற்பார்வையில் 1901லேயே நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். அப்படியானால் படம் எடுத்தது 1901க்கு முன்னால், அட்டையைத் தபாலில் போட்டது மட்டும்தான் 1906இல்.

இங்கிலாந்துப் பழைய படங்களைச் சேர்ப்பவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். அட்டை அச்சிடுகிறவர்கள் ஒரே நெகடிவை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். முகவரியும் சேதியும் ஒரே பக்கத்தில், நடுவில் கோடு போட்டு எழுதும் வழக்கம் பிரிட்டனில் 1902இல்தான் வந்தது, அதனால் அந்தக் கோட்டை வைத்து அட்டையின் வயதைச் சொல்லலாம். படத்தின் வயதைச் சொல்ல முடியாது. அதற்குப் படத்துக்குள்ளேயேதான் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி வசதியான இடம் கிடையாது, ஏனென்றால் அங்கே கற்கள் விழுந்ததற்கும் நிமிர்ந்ததற்கும் தேதி இருக்கிறது. உள்வட்டத்தில் இரண்டு தூண்களும் மேலே ஒரு குறுக்குக் கல்லுமாக இருந்த ஒரு தொகுதி 1797 ஜனவரியில் மொத்தமாகச் சாய்ந்தது, 1958இல்தான் தூக்கி நிறுத்தினார்கள். 1900 டிசம்பர் 31 அன்று வெளிவட்டத்தில் ஒரு கல் தன் குறுக்குக் கல்லோடு விழுந்தது, அதையும் 1958இல்தான் நிமிர்த்தினார்கள். 1963இல் இன்னொன்று விழ, அடுத்த வருடமே சரிசெய்துவிட்டார்கள். இந்த நாலைந்து வருடங்களை மனதில் வைத்துக்கொண்டால் எந்தப் படத்தையும் ஒரு காலத்துக்குள் அடக்கிவிடலாம்.

இதே 1958ஆம் ஆண்டு வேலையின் படங்களை, கிரேனில் கல் தொங்குவதைக் காட்டி, “பாருங்கள், ஸ்டோன்ஹெஞ்சே போன நூற்றாண்டில் கட்டியதுதான்” என்று இன்றைக்கும் பகிர்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. விழுந்த கல்லை அதன் பழைய குழியிலேயே நிறுத்தியவர்களின் உழைப்புக்குச் சாட்சியான படத்தை, அந்த இடமே போலி என்பதற்குச் சாட்சியாக்குகிறார்கள். கிரேன் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1906இல், ராணுவ அதிகாரி ஷார்ப் பலூனில் இருந்து அதே வட்டத்தைப் படமெடுத்திருக்கிறார். அந்தப் படத்தையும் கூடவே போட்டுவிடுங்கள், போதும்.

அடுத்து, படத்தில் அச்சாகியிருக்கும் பெயர். ‘ஃப்ரித்’ என்று இருந்தால் அந்தப் பெயரில் புகைப்பட நிறுவனம் தொடங்கிய ஃபிரான்சிஸ் ஃப்ரித்தே மூன்றுகால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்து எடுத்தார் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர் 1898இல் காலமானார். அவருடைய நிறுவனம் அதற்கப்புறமும் ஏறக்குறைய எழுபது வருடம் ஊர் ஊராக ஆட்களை அனுப்பிப் படமெடுத்துக்கொண்டிருந்தது. தெருவில் மோட்டார் கார் நிற்கும் படத்துக்கு அவர் பெயரை எழுதாதீர்கள்.

கட்டடம் பொருந்தவில்லை என்றதும் குறிப்பு தப்பு என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. வில்ட்ஷயரிலேயே இருக்கும் போவுட் மாளிகையின் பழைய படத்தை இன்றைய போவுடோடு வைத்துப் பார்த்தால் வேறு ஏதோ இடம் என்றுதான் தோன்றும். அங்கே ‘பெரிய வீடு’ என்று சொல்லப்பட்ட பகுதியை 1950களின் நடுவில் இடித்துவிட்டார்கள், இப்போது நாம் பார்ப்பது மீந்து நிற்கும் பகுதி. ஸ்டவர்ஹெட் மாளிகையின் நடுப்பகுதி 1902இல் எரிந்து, மறுபடி கட்டப்பட்டது. அதன் தோட்டப் படங்களில் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஏரிக்கரைக் கோயில் ஒன்றில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்றால் இடையில் மரம் வெட்டினார்கள் என்று அர்த்தமில்லை, ஒன்று குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் எடுத்ததாக இருக்கலாம்.

சிலவற்றுக்குப் படமே இருக்க முடியாது, புகைப்படக்கலை பரவுவதற்கு முன்பே அவை போய்விட்டன. வில்லியம் பெக்ஃபோர்ட் கட்டிய ஃபான்ட்ஹில் அபே என்ற மாளிகையின் பிரமாண்டமான கோபுரம் 1825 டிசம்பரில் இடிந்து விழுந்தது. யாராவது அந்தக் கோபுரம் முழுதாக நிற்கும் ‘அபூர்வப் புகைப்படம்’ என்று காட்டினால் அது செதுக்குச் சித்திரமாக இருக்கும், இல்லையென்றால் கணினியில் செய்ததாக இருக்கும்.

தெரு காலியாக இருக்கிறதே, ஊரில் ஆளே இல்லையா என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் காலத்துக் கேமராவில் ஒளி விழ நிறைய நேரம் வேண்டும், நடந்துபோனவர்கள் பதியவே மாட்டார்கள், நின்றவர்கள் மட்டும் நிழலாகத் தங்குவார்கள். வானம் வெள்ளையாக இருப்பதும் மேகமூட்டத்தால் அல்ல. நெகடிவாகப் பயன்பட்ட அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அதிகமாக உறிஞ்சியதால் வானம் வெளுத்துவிடும், அதைச் சமாளிக்க வேறொரு நெகடிவிலிருந்து மேகத்தைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள்.

கண்ணாடித் தகட்டை மறுபக்கமாக ஸ்கேன் செய்துவிட்டால் இடம் வலமாகிவிடும், இது நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. கடைப்பலகை எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும், இல்லாத இடத்தில் கட்டடத்தின் அமைப்பைத்தான் நம்ப வேண்டும். சால்ஸ்பரி தேவாலயத்தின் மேற்கு முகப்பைப் பார்த்து நின்றால், முற்றத்தைச் சுற்றி ஓடும் நடைமண்டபம் வலப்பக்கம் இருக்க வேண்டும். படத்தில் இடப்பக்கம் இருந்தால் திருப்பிப் போடுங்கள்.

இப்போது வந்திருக்கும் ‘தெளிவாக்கும்’ செயலிகளைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அவை மங்கலாக இருக்கும் இடத்தில் இல்லாத ஜன்னலை வரைந்துவிடுகின்றன, கல்வெட்டு எழுத்தைத் தானாகக் கற்பனை செய்துவிடுகின்றன. ஆசைக்குச் செய்து பாருங்கள், ஆனால் மூலப் படத்தை அழித்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓரங்களை வெட்டுவதும் அதே மாதிரிதான். ஒட்டியிருக்கும் அட்டை, விளிம்பில் பென்சில் கிறுக்கல், பின்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். இதே வில்ட்ஷயரில் லேகாக் அபே என்ற வீட்டில் புகைப்படக்கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் ஒரு ஜன்னலைப் படம்பிடித்தார். இன்று மிஞ்சியிருப்பவற்றிலேயே மிகப் பழைய நெகடிவ் அதுதான், தபால்தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, இப்போது மங்கிப்போய்விட்டது. ஆனால் அதை ஒட்டிய அட்டையில் அவரே மையால் எழுதி வைத்திருக்கிறார்: மாதம், வருடம், அப்புறம், புதிதாக எடுத்தபோது பூதக்கண்ணாடி வைத்து ஜன்னலின் சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ண முடிந்தது என்று. யாராவது அழகுக்காக அந்த அட்டையை வெட்டியிருந்தால் நமக்கு இந்த வரி கிடைத்திருக்காது.