அலுமினியத்துல கிராஃபீன் கலக்கப் போறீங்களா, முதல்ல கட்டி தட்டாம பாத்துக்கங்க

கிராஃபீன், அதாவது ஒரே ஒரு அணு தடிமன்ல இருக்கற கார்பன் ஷீட், ஸ்டீலை விட பல மடங்கு பலம்னு எங்க பாத்தாலும் போட்டிருக்கும், பொய்யில்ல, குறையே இல்லாத ஒத்தை ஷீட்டுக்கு இழுவலிமை 130 கிகாபாஸ்கல் வரைக்கும்னு 2008ல அளந்திருக்காங்க. ஆனா டப்பாவுல நமக்கு வர்றது அந்த ஷீட் கிடையாது, பல அடுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டின கறுப்பு பவுடர், நானோபிளேட்லெட்னு சொல்றது. அதை அப்படியே மில்லுல கொட்டி அரைச்சேன் முதல் தடவை, வந்த பீஸ் சும்மா இருந்த அலுமினியத்தை விட சீக்கிரமா உடைஞ்சுது. கட்டி இருக்கற இடமெல்லாம் விரிசலுக்கு வாசல், அவ்ளோதான் விஷயம்.

அளவு கம்மியா வைங்க. 100 கிராம் அலுமினிய பவுடருக்கு 0.3 கிராம் போதும். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், கை அரிக்கும் இன்னும் கொஞ்சம் போடலாமேன்னு, போடாதீங்க. 1 சதவீதத்தை தாண்டினா பிரிச்சு விடுறதே பெரும்பாடு.

அந்த 0.3 கிராமை 200 மில்லி எத்தனால்ல போட்டு அல்ட்ராசோனிக் பாத்ல (ஒலி அதிர்வால உலுக்குற தண்ணி தொட்டி) ஒரு மணி நேரம் வைங்க, பாத் தண்ணி சூடாயிட்டே போகும், நடுவுல மாத்திடுங்க. ரொம்ப நேரம் விட்டா ஷீட்டே துண்டு துண்டா போயிடும். அப்புறம் பீக்கரை வெளிச்சத்துக்கு நேரா பத்து நிமிஷம் ஆடாம வச்சு பாருங்க, மேல தெளிஞ்சு அடியில கறுப்பா படிஞ்சா இன்னும் பிரியலன்னு அர்த்தம், முழுக்க மை மாதிரி நின்னாதான் சரி. இப்ப கிளறிக்கிட்டே அலுமினிய பவுடரை கொஞ்சம் கொஞ்சமா சேருங்க, வடிகட்டி 70 டிகிரில வாக்குவம் ஓவன்ல காய வைங்க. தானா காயட்டும்னு பீக்கரை அப்படியே விட்டீங்கன்னா கனமான அலுமினியம் கீழயும் கிராஃபீன் மேலயுமா பிரிஞ்சு நிக்கும், பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்து பால் மில், உருண்டைகளோட ஜார் சுத்தி அரைக்கற மிஷின். பவுடரை போல பத்து மடங்கு எடைக்கு அரைக்கற உருண்டை, 200 ஆர்பிஎம், பவுடர் ஒட்டிக்காம இருக்க 1 சதவீதம் ஸ்டியரிக் ஆசிட், ஜாருக்குள்ள காத்துக்கு பதிலா ஆர்கான் வாயு. கால் மணி ஓட்டம் கால் மணி ஓய்வுன்னு, ஓட்டம் மட்டும் மொத்தம் ரெண்டு மூணு மணி. ஜாரை முழுசா ஆற விட்டு, காத்தை மெதுவா உள்ள விட்டு திறங்க, இதுல விளையாடாதீங்க, புதுசா அரைபட்ட அலுமினியத்து மேல ஆக்சைடு தோல் இருக்காது, சட்டுன்னு காத்து பட்டா தீப்பிடிக்கும். தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, உலோகத் தீக்கான எக்ஸ்டிங்விஷர் இல்லாத இடத்துல இந்த வேலையே வேணாம். மாஸ்க் போடணும்னு சொல்லவே வேண்டியதில்ல.

பிறகு 500 மெகாபாஸ்கல்ல பிரஸ் பண்ணி, ஸ்டியரிக் ஆசிட் போக வாக்குவம்ல 400 டிகிரி கொஞ்ச நேரம் வச்சு, 550லேர்ந்து 600க்குள்ள ஒரு மணி நேரம் சின்டரிங், அதாவது உருக்காம சூட்டுலயே துகள்களை ஒட்ட வைக்கறது. உருக்கி ஊத்திடலாமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, உருகின அலுமினியம் கார்பன் மேல ஒட்டாது, கிராஃபீன் ஒதுங்கிடும். அதோட சூடும் நேரமும் கூட கூட அலுமினியம் கார்பைடு உருவாகும், அது நொறுங்கற சமாச்சாரம், ஈரம் பட்டா மீத்தேன் விட்டுக்கிட்டு உள்ளேர்ந்தே அரிச்சிடும். சின்டரிங்கோட நிறுத்தாம ஹாட் எக்ஸ்ட்ரூஷன் (சூடா அச்சு வழியா அழுத்தி தள்ளறது) வசதி இருந்தா கண்டிப்பா பண்ணுங்க, காத்து பட்டு துகள் மேல வந்த ஆக்சைடு தோல் கிழிஞ்சு உலோகமும் உலோகமும் நேரா ஒட்டும், கிராஃபீனும் அந்த திசையிலேயே படுக்கும்.

(காப்பர்னா கார்பைடு தொல்லை இல்ல, ஆனா ஒட்டவும் ஒட்டாது, அதனால கிராஃபீன் மேல நிக்கலோ காப்பரோ பூசிட்டு கலப்பாங்க.)

டெஸ்ட் பண்றப்ப ஒண்ணு மறக்காதீங்க, கிராஃபீன் போடாத அலுமினியத்தையும் இதே மில், இதே பிரஸ், இதே சூடுன்னு கொண்டு போய் ஒரு பீஸ் செஞ்சு வச்சுக்கங்க. அரைக்கிறதுலயே கிரெய்ன் (உலோகத்துக்குள்ள இருக்கற படிக மணி) சின்னதாகி அலுமினியம் கெட்டியாகும், அந்த பேரை கிராஃபீன் தட்டிக்கிட்டு போயிடும், கடையில வாங்கின ராடோட ஒப்பிட்டு "ரெண்டு மடங்கு"ன்னு போடறதெல்லாம் பாதி இந்தக் கதைதான். ஹார்ட்னெஸ் பாக்கறதுக்கு முன்னாடி தண்ணில முக்கி டென்சிட்டி பாருங்க, ஒரு சிசிக்கு 2.7 கிராமுக்கு ரொம்ப கீழ வந்தா உள்ள ஓட்டை. இழுத்து உடைச்ச முகத்தை லென்ஸ்ல பாருங்க, கறுப்பு புள்ளி தெரிஞ்சா மில்லை குறை சொல்லாதீங்க, திரும்ப பீக்கர்லேர்ந்து ஆரம்பிங்க.