எண்ணெய்ச் சொட்டு காட்டிக்கொடுக்கும்

மழைக்கோட்டிலோ கறை ஒட்டாத பேன்ட்டிலோ பிஎஃப்ஏஎஸ் (தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கப் பூசும், எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள்) ரசாயனம் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு கணிக்கலாம். கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் உருண்டு நிற்க, எண்ணெய் ஊறினால் மெழுகு அல்லது சிலிகான் பூச்சாக இருக்கலாம். எண்ணெயும் முத்தாக நின்றால் ஃபுளோரின் பூச்சு என்றே சந்தேகியுங்கள். நெய்த துணிக்குத்தான் இது பொருந்தும். ரெக்சின் மாதிரிப் பரப்பில் எண்ணெய் எப்படியும் ஊறாது.

'பிஎஃப்ஓஏ இல்லை' என்ற லேபிளை மட்டும் நம்பாதீர்கள். 2023இல் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட அது, ஆயிரக்கணக்கான பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களில் ஒன்றுதான். 'பிஎஃப்ஏஎஸ் இல்லை' என்றே இருக்க வேண்டும்.

பழைய மழைக்கோட்டை அடிக்கடி துவைக்காதீர்கள். கழன்று சாக்கடைக்குப் போகும் இந்த ரசாயனத்தைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையம் பிரிக்காது. குப்பையோடு எரிக்கவே வேண்டாம்.