அறிவியல் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

சிட்டுக்குருவியின் முழுப்பெயர்: பாஸ்ஸர் டொமெஸ்டிகஸ் (லின்னேயஸ், 1758). லின்னேயஸ் என்பது இதற்குப் பெயரிட்ட அறிவியலாளர், 1758 பெயரிட்ட ஆண்டு. இதில் அந்த அடைப்புக்குறிக்கும் பொருள் உண்டு.

படி 1: இரண்டு சொற்கள்
முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் குழு. லத்தீன் எழுத்தில் எழுதும்போது பெரிய எழுத்தில் தொடங்கும். அடுத்தது சிற்றினத்தைக் குறிக்கும். முழுதும் சிறிய எழுத்து. அச்சில் இரண்டும் சாய்வெழுத்து. கையால் எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட வேண்டும். இரண்டாம் சொல்லைத் தனியே எழுதக் கூடாது. 'இண்டிகா' என்று மட்டும் எழுதினால் அது மாமரமா புளியமரமா? இரண்டுக்கும் அதே சொல்தான்.

படி 2: பெயரிட்டவர், ஆண்டு
இவற்றுக்குச் சாய்வெழுத்து வேண்டாம். விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு 1758, தாவரங்களுக்கு 1753. அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது. சிலந்திகள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

படி 3: அடைப்புக்குறி
பலரும் சறுக்கும் இடம் இது. லின்னேயஸ் சிட்டுக்குருவிக்கு வைத்த பெயர் ஃப்ரிஞ்சில்லா டொமெஸ்டிகா. பின்னர் அது பாஸ்ஸர் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. 'இவர் பெயரிட்டபோது பேரினம் வேறு' என்பதைத்தான் அடைப்புக்குறி சொல்கிறது. ஃப்ரிஞ்சில்லா சீலெப்ஸ் லின்னேயஸ், 1758 என்ற பறவை இன்றும் அதே பேரினத்தில் இருப்பதால் அதற்கு அடைப்புக்குறி கிடையாது. அழகுக்காகப் போட்டால் தகவலே தவறிவிடும். தாவரங்களில் பேரினத்தை மாற்றியவரின் பெயரும் அடைப்புக்குறிக்குப் பின் வரும்.

பெயரின் ஈற்றையும் கவனியுங்கள். பாஸ்ஸர் லத்தீனில் ஆண்பால், அதனால் டொமெஸ்டிகா டொமெஸ்டிகஸ் ஆனது. பழைய ஈற்றை அப்படியே புதிய பேரினத்தோடு ஒட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

படி 4: சுருக்கம்
முதல் முறை முழுப்பெயர். அடுத்த முறைகளில் பேரினத்தின் முதலெழுத்தும் புள்ளியும் போதும். புலியின் பேரினமான பேந்தெராவும் அதே கட்டுரையில் வந்தால், பாஸ்ஸர், பேந்தெரா இரண்டுக்கும் லத்தீனில் முதலெழுத்து ஒன்றே (P) என்பதால் சுருக்காதீர்கள்.

படி 5: வகைப்பாடு
சிட்டுக்குருவிக்கு மேலிருந்து கீழாக: உலகம் அனிமாலியா, தொகுதி கார்டேட்டா, வகுப்பு ஏவ்ஸ், வரிசை பாஸ்ஸெரிஃபார்மிஸ், குடும்பம் பாஸ்ஸெரிடே, பிறகு பேரினம், சிற்றினம். வரிசையும் குடும்பமும் குழம்பினால் ஈற்றைப் பாருங்கள்: விலங்குக் குடும்பம் '-இடே' என்றும் தாவரக் குடும்பம் '-ஏசியே' என்றும் முடியும்.

கடைசியாக, உயிரினப் பெயர்களைப் பட்டியலிடும் 'கேட்டலாக் ஆஃப் லைஃப்' இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். இணைப்பெயர் (அதே உயிரினத்துக்கு வைக்கப்பட்ட வேறொரு பெயர்) என்று காட்டினால், அங்கே ஏற்கப்பட்டதாகக் குறித்திருக்கும் பெயரை எழுதுங்கள்.