கூட்டு ஜெபத்தில் நாம் கவனிக்காமல் விடும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் திங்கட்கிழமைக்குள் பாதி மறந்துபோகும். ஆனால் வாராவாரம் காதில் விழும் ஜெபம் மனதில் தங்கிவிடும். சபையில் பெரியவர்கள் ஜெபிக்கிற மாதிரியேதான் பிள்ளைகளும் ஜெபிக்கப் பழகுகிறார்கள். அதனால் ஜெபத்தில் நுழைகிற பிழை, கொஞ்ச நாளில் விசுவாசத்திலும் நுழைந்துவிடும்.

எனக்கு அதிகம் உறுத்துவது, ஆளை மாற்றிக் கூப்பிடுவது. "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் "எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே, உயிர்த்தெழுந்தீரே" என்பார்கள். கடைசியில் "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே" என்று முடியும். சிலுவையில் மரித்தவர் குமாரன்தானே? பிதாவே பாடுபட்டார் என்று போதித்தவர்களை எதிர்த்து, ஆதித்திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். 397இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய பேராயர் சங்கம் இதற்கென்று விதியே போட்டது: ஜெபத்தில் குமாரனுக்குப் பதில் பிதாவையோ, பிதாவுக்குப் பதில் குமாரனையோ சொல்லக் கூடாது, பலிபீடத்தருகே ஜெபம் பிதாவை நோக்கியே இருக்க வேண்டும். வேறிடத்திலிருந்து ஜெபத்தை எழுதிக்கொண்டு வருகிறவர், விஷயம் தெரிந்த சகோதரரிடம் காட்டாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. யூடியூபில் கேட்டதை அப்படியே மைக்கில் ஒப்பிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இயேசுவை நோக்கி ஜெபிப்பதில் தவறில்லை. ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும்போது அப்படித்தான் ஜெபித்தார். யாரிடம் பேசுகிறோம் என்பது பேசுகிறவருக்குத் தெரிந்தால் போதும். மைக்கைக் கையில் வாங்கியதும் ஆரம்பிக்காமல் ஒரு மூச்சு விட்டு யோசித்தாலே பாதிக் குழப்பம் வராது.

அப்புறம், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறணி. வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டு முடிந்ததும், "இன்னார் மகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், விவரம் எதுவும் கேட்காதீர்கள்" என்று ஒரு அக்கா குரலைத் தாழ்த்திச் சொல்வார். அதற்கு மேல் யாருக்கு ஜெபத்தில் மனம் நிற்கும்? டீ வரும்போதே விசாரணை ஆரம்பித்துவிடும், ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் கதை முழுதாகிவிடும். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய கஷ்டத்தைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்றால் போதும், வீட்டு நம்பர் ஆண்டவருக்குத் தெரியும்.

ஜெபத்துக்குள் மற்றவர்களைக் குத்துவதும் இதே ரகம். "ஆராதனைக்குத் தாமதமாக வருகிற உம்முடைய பிள்ளைகளுக்கு உணர்வைத் தாரும்" என்று ஒருவர் ஜெபித்தால், கண்ணை மூடியிருந்தாலும் யாரைச் சொல்கிறார் என்று சபைக்கே தெரியும். பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் நிர்வாகத் தேர்தல் நேரத்தில் இது இன்னும் கூடும். திருப்பிப் பதில் சொல்ல முடியாத இடத்தில் ஒருவரைத் திட்டுவதற்கு ஜெபம் என்று பெயர் வைப்பது சரியில்லை.

இப்போது பரவிவருவது கட்டளை ஜெபம். "இந்த வியாதி இப்போதே விலகக் கட்டளையிடுகிறேன்" என்று ஆண்டவரிடம் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கெத்செமனேயில் இயேசுவே "உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்றுதான் முடித்தார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை, கிருபைதான் கிடைத்தது. சுகமாகாதவரைப் பார்த்து "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்பது கொடுமை. மாத்திரையை நிறுத்தச் சொல்வது அதைவிட மோசம், உயிருக்கே ஆபத்து.

விசா, வேலை, பரீட்சை இவற்றுக்காக ஜெபிப்பதில் குறையில்லை, அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவர் இயேசுதான். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த அதே ஜெபத்தில் பாவமன்னிப்பும் இருக்கிறது, கடன்பட்டவர்களை மன்னிப்பதும் இருக்கிறது. பல கூட்டங்களில் இந்த இரண்டும் வருவதே இல்லை. ராஜாக்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது ரோம ஆட்சிக் காலத்தில் என்பதை, பிடிக்காத கட்சி ஆளும்போது நினைத்துக்கொள்ளலாம்.

முறைப்படியான ஆராதனை நடக்கும் சபைகளில் வேறு சிக்கல். பாவ அறிக்கையும், எதை விசுவாசிக்கிறோம் என்று சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப்பிரமாணமும் எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடும். நேரமாகிவிட்டால் முதலில் விடுபடுவதும் விசுவாசப்பிரமாணம்தான், அறிவிப்புகளை மட்டும் யாரும் குறைக்க மாட்டார்கள். குமாரன் யார் என்ற பெரிய சண்டைக்கு நடுவில் 325இல் நிசேயாவிலும், பிறகு 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் பேராயர்கள் கூடி உருவாக்கியவை நிசேயா விசுவாசப்பிரமாணத்தின் வரிகள். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அடுத்த வாரம் யாராவது தப்பாக ஜெபித்ததும் அங்கேயே திருத்தப் போகாதீர்கள். புதிதாக வாய் திறக்கிற பையனோ, எழுத்து தெரியாத பாட்டியோ அதோடு நிறுத்திவிடுவார்கள். அப்பொல்லோ என்ற பிரசங்கி எபேசு ஜெப ஆலயத்தில், யோவான் ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்தவராகப் பேசியபோது, விசுவாசிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு திட்டமாக விவரித்துச் சொன்னார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை; அகாயாவுக்குப் போய் விசுவாசிகளுக்குப் பெரிய உதவியாக இருந்தார்.