ஸ்பெயார் டயருக்கும் சேர்த்துக் காற்றடியுங்கள்

பெற்றோல் செட்டில் நான்கு டயருக்கும் காற்றடிக்கும்போது டிக்கியைத் திறந்து ஸ்பெயாருக்கும் அடியுங்கள். அளவு, சாரதிக் கதவோர ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கென்று போட்டிருப்பது. சும்மா கிடக்கும் டயரிலும் காற்று மெல்ல இறங்கும்; புதுக் கார்களில் டாஷ்போர்டில் வரும் டயர் எச்சரிக்கை பெரும்பாலும் ஸ்பெயாரைக் கணக்கெடுப்பதில்லை. கூடினால் வால்வு ஊசியை அழுத்தி வழியிலேயே இறக்கலாம். குறைந்தால், செங்கலடி தாண்டி மகா ஓயாப் பக்கம் இராத்திரியில் பம்புக்கு எங்கே போவது?

மெல்லிய தற்காலிக ஸ்பெயாருக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அதற்குப் பொதுவாக 60 பிஎஸ்ஐ, வேகமும் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. ஜப்பானில் இருந்து வந்த சிறு கார்கள் பலவற்றில் ஸ்பெயாரே இல்லை, பஞ்சர் கிட் மட்டும்தான். டிக்கித் தரையை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.