மூன்று ரவுண்டுக்கு உடம்பைத் தயார் செய்வது

2008-ல் பெய்ஜிங்கில் புருனோ ஜூலி குத்துச்சண்டையின் 54 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று மொரீஷியஸுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்தபோது, அமெச்சூர் ஆட்டம் இரண்டு நிமிட ரவுண்டுகள் நான்கு. அடுத்த ஆண்டே அது மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்றாக மாறியது. மொத்தச் சண்டை நேரம் 8 நிமிடத்திலிருந்து 9 ஆனது; இடையில் கிடைக்கும் ஓய்வோ 3 நிமிடத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. உங்கள் கிளப்பில் இன்னும் இரண்டு நிமிட மணிக்குப் பையைக் குத்துகிறீர்கள் என்றால் முதலில் அந்த மணியை மாற்றுங்கள். மூன்றாவது நிமிடத்தில்தான் கை தாழ்கிறது, கால் நின்றுபோகிறது.

சோர்வு வேறு, வலு வேறு

பயிற்சி முடிந்து தரையில் சுருண்டு கிடந்தால்தான் நல்ல பயிற்சி என்ற எண்ணம் குத்துச்சண்டைக்காரர்களை விட்டுப் போவதில்லை. வலுவுக்கு அது பொருந்தாது. கனமான எடையைச் சில தடவை மட்டும், களைப்பில்லாத உடம்போடு தூக்கும்போதுதான் வலு ஏறும். ஒரு செட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 2 முதல் 3 நிமிடம் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பயிற்சியாளருக்குப் பொறுக்காது, கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவார். கயிறு தாண்டினால் அடுத்த செட்டில் எடையும் குறையும், தூக்கும் வேகமும் குறையும். மூச்சுத்திறன் வளரப் பை, பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேட், ஒத்திகைச் சண்டையான ஸ்பாரிங், ஓட்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றனவே.

எடைப் பயிற்சிக்கு வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். நுட்பப் பயிற்சிக்குப் பிறகு வையுங்கள், அல்லது அதிலிருந்து 6 மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கடுமையான ஸ்பாரிங்குக்கு முந்தின நாள் வேண்டாம்.

போட்டிக்கு ஒன்பது வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று வாரம் அடித்தளம்: டம்பெல்லை மார்போடு பிடித்து ஸ்குவாட், முழங்காலைச் சற்றே மடக்கி இடுப்பிலிருந்து குனியும் ருமேனியன் டெட்லிஃப்ட், தண்டால், குனிந்து டம்பெல்லை ஒரு கையால் இழுக்கும் ரோயிங். ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 8 முதல் 10. அடுத்த நான்கு வாரம் எடை கூடும், எண்ணிக்கை குறையும்: தரையிலிருந்து பார்பெல்லைத் தூக்கும் டெட்லிஃப்ட் 4 செட் 5 தடவை, புல்-அப் 4 செட் 5 தடவை, பார்பெல்லின் ஒரு முனையைச் சுவர் மூலையில் ஊன்றி மறுமுனையை ஒரு கையால் மேல்நோக்கித் தள்ளுவது கைக்கு 3 செட் 6 தடவை. ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். கடைசி ஒன்றை முக்கி முனகித் தூக்கினால் மறுநாள் காலில் துள்ளல் இருக்காது.

கடைசி இரண்டு வாரம் வேகத்துக்கு. குதிக்கும் ஸ்குவாட் 4 செட் 4 தடவை, மெடிசின் பந்து என்ற கனமான பந்தை எறிதல் பக்கத்துக்கு 4 செட் 5 தடவை. போட்டி வாரத்தில் இதிலும் பாதி. ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு எடைப் பயிற்சியை நிறுத்திவிடலாம்.

பந்து எறிதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குத்துக்கு மிக நெருக்கமான பயிற்சி இதுதான். குத்தின் விசை பின்காலில் பிறந்து, இடுப்புச் சுழற்சியில் ஏறி, தோள் வழியாக முஷ்டியில் இறங்குகிறது. சண்டை நிலையில் நில்லுங்கள். பின்பாதம் தரையைத் தள்ள, இடுப்பு முதலில் திரும்ப, கை கடைசியில் வர, பந்தைச் சுவரில் எறியுங்கள். இடுப்புக்கு முன்பே கை கிளம்பினால் பந்து மேல்நோக்கிப் போகும். அதைப் பார்த்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். எடை 3 அல்லது 4 கிலோ. அதற்கு மேல் போனால் எறிதல் தள்ளுதலாகிவிடும்.

விலைக்கு வாங்க முடியாவிட்டால் பழைய கூடைப்பந்தில் ஒரு கீறல் போட்டு, 3 கிலோ மணலோடு கந்தல் துணியைத் திணித்து ஒட்டலாம். முழுக்க மணலை நிரப்பினால் 10 கிலோவைத் தாண்டிவிடும். இந்தப் பந்து சுவரிலிருந்து எகிறி வராது, ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுக்க வேண்டும். அவசரப்படாமல் இருக்க அதுவும் நல்லதே. கடற்கரை மணலை அள்ளாதீர்கள், அது சட்டப்படி குற்றம். கட்டுமானக் கடையில் விற்கும் கருங்கல் மணலைக் காயவைத்துப் போடுங்கள். அதையே 20 கிலோ அளவில் சாக்கில் கட்டினால் தூக்கி நடக்கவும் தோளில் ஏற்றவும் ஆகும்.

டம்பெல் பிடித்துக்கொண்டு, எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் நிழற்குத்து போடுவது ஊரெங்கும் நடக்கிறது. விட்டுவிடுங்கள். குத்து முன்னோக்கிப் போகிறது, டம்பெல்லை பூமி கீழே இழுக்கிறது. உழைப்பது தோளின் முன்பகுதி. அடி வாங்குவது முழங்கை. ஐந்நூறு சிட்-அப்பும் அப்படித்தான். வயிறு வளைவதை விட, விறைப்பாக நின்று விசையைக் கடத்துவது முக்கியம். கைகளிலும் கால்விரல்களிலும் உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்கில் ஒரு கையைத் தூக்கிப் பிடிப்பது 3 செட் 20 விநாடி அதைவிடப் பயன்தரும்.

கழுத்தை மறக்காதீர்கள். குத்து விழும்போது தலை வெடுக்கென்று திரும்புவதை அடக்குவது கழுத்துத் தசைதான். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளி, தலையை அசையாமல் 10 விநாடி எதிர்த்து நிறுத்துங்கள். பின்னால், இரு பக்கமும் அப்படியே. நான்கு சுற்று, வாரம் மூன்று நாள். தலையைத் தரையில் ஊன்றிச் செய்யும் மல்யுத்தப் பாலம் புதியவர்களுக்கு வேண்டாம். தோளுக்கு ரப்பர் பட்டையை மார்பளவில் விரித்து இழுப்பது தினம் 2 செட் 20. முன்பக்கமே உழைக்கும் தோளுக்கு அதுதான் காப்பு.

ஓட்டம்

விடிகாலை மெதுவோட்டம் பழைய வழக்கம். பழசு என்பதாலேயே தவறில்லை. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 முதல் 40 நிமிடம், வாரம் இரண்டு நாள். இது ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பை இறக்கித் தரும். ஆனால் இது மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் 4 நிமிடம் கடுமையாக, ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகத்தில் ஓடுங்கள்; 3 நிமிடம் மெதுவாக; இப்படி நான்கு தடவை. கடைசி நான்கு வாரத்தில் மேட்டு ஓட்டம் சேரட்டும்: தலைநகர் போர்ட் லூயிஸ்காரர்களுக்குச் சிக்னல் மலைச் சாலை இருக்கிறது. 8 முதல் 10 விநாடி முழு வேகம், நடந்து இறங்கி 2 நிமிட ஓய்வு, ஆறு தடவை. ஏற்றத்தில் காலடி குறுகுவதால் பின்தொடைத் தசை கிழியும் ஆபத்து சமதளத்தை விடக் குறைவு.

காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தை விட 8, 10 கூடுதலாக இருந்தால் அன்று கடுமையான எதுவும் வேண்டாம்.

வெயிலும் எடையும்

டிசம்பர் முதல் மார்ச் வரை கடலோரத்தில் பகல் பயிற்சி உடம்பைக் கரைக்கும். காலை 6 மணிக்குள் தொடங்குங்கள், அல்லது குளிர்ச்சியான மேட்டு ஊரான குயுர்பிப் பக்கம் மேலே போங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்போடு, சில மணி நேரத்தில் பிரித்துக் குடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உடுப்பு போட்டு வியர்வையில் எடை இறக்குவது அமெச்சூருக்கு முட்டாள்தனம். ஆடும் நாள் காலையில்தான் எடை பார்ப்பார்கள். இழந்த நீரை மீட்க நேரமே இராது.

காவடி விரதம்

தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் விரதம் சரியாக இந்த வெயில் நடுவே வருகிறது. இறைச்சி இல்லாததால் வலு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். 64 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 100 கிராம் புரதம் தேவை. வேகாத பருப்பு 150 கிராமில் 36, அரிசி 300 கிராமில் 20, அரை லிட்டர் பாலில் 17, கெட்டி டோஃபு 200 கிராமில் 24 வரும். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் வீடுகளில் இந்த அளவு எட்டாது. அங்கே பயிற்சியைக் குறைப்பதுதான் வழி. எடைப் பயிற்சியில் எடையை அப்படியே வைத்து, செட்டை மட்டும் நான்கிலிருந்து இரண்டாக்குங்கள். 4 நிமிட ஓட்டத்தை நிறுத்தி மெதுவோட்டத்தை வையுங்கள். ஸ்பாரிங் வேண்டாம்.

காவடி எடுத்து வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தபின் உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் கயிறும் ஓட்டமும் நிற்கட்டும், சைக்கிள் ஓட்டலாம். கன்னத்திலோ நாக்கிலோ அலகு குத்தியவர்கள் காயம் முழுதாக மூடும்வரை பல்காப்பு மாட்டக்கூடாது, பேட் தாண்டிப் போகக்கூடாது. விரதம் தொடங்கும் முன்பே டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.