தன்னார்வ அமைப்பின் மென்பொருளுக்கு உரிமம் தேர்வது எப்படி?

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் குருதிக்கொடை, குளம் தூர்வாருதல், ஊர் நூலகம் என்று இயங்கும் அமைப்புகளுக்கு அக்கம்பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் மென்பொருள் எழுதிக் கொடுப்பதுண்டு. அது யாருக்குச் சொந்தம், அடுத்த ஊர்க்காரர்கள் எடுத்துப் பயன்படுத்தலாமா என்பவை பெரும்பாலும் எழுதி வைக்கப்படுவதில்லை. உரிமம் (பிறர் எந்த நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்ற எழுத்து அனுமதி) குறிப்பிடாமல் மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகளை, இணையத்தில் ஏற்றினால் அது பொதுச்சொத்தாகிவிடாது. பதிப்புரிமை முழுவதும் உரியவரிடமே இருப்பதால், பிறர் அதைத் தொடவே தயங்குவார்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் ஓர் அமைப்பு குருதிக்கொடையாளர் பதிவேட்டை இணையச் செயலியாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், குருதி வகை, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றைப் பதிந்தால், ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி கணக்கிட்டு, இன்று யாரை அழைக்கலாம் என்று அது காட்டும். பெருந்துறையிலோ தாராபுரத்திலோ உள்ளவர்களுக்கும் இது அப்படியே பயன்படும்.

முதல் படி, பதிப்புரிமை யாருடையது என்று உறுதி செய்வது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பள ஊழியர் பணியின் பகுதியாக எழுதிய நிரல் அமைப்புக்குரியது. தன்னார்வலர் எழுதியது அவருக்கே உரியது. பணம் கொடுத்து வெளி நிறுவனத்திடம் எழுதி வாங்கினாலும், ஒப்பந்தத்தில் சொல்லாதவரை உரிமை அந்த நிறுவனத்திடமே நிற்கும். உரிமையை மாற்றி வாங்குவதானால் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அதில் காலமும் இடமும் குறிப்பிடாவிட்டால், உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்குள்ளும் மட்டுமே என்று சட்டம் கருதுவதால், இந்த இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். சிறிய அமைப்புகளுக்கு இதைவிட எளிய வழி, ஒவ்வொரு மாணவரும் தம் பங்களிப்பை இன்ன உரிமத்தின்கீழ் தருவதாக மின்னஞ்சலில் எழுதித் தருவதுதான். ஆனால் பின்னாளில் உரிமத்தை மாற்ற விரும்பினால் அனைவரின் சம்மதமும் தேவைப்படும்.

இரண்டாவது, உரிமத்தைத் தேர்வது. எம்ஐடி உரிமம் மிகச் சுருக்கமானது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதவரை, எவரும் நிரலை எடுத்து, மாற்றி, மூடிய மென்பொருளாகவும் விற்கலாம். ஜிபிஎல் (குனு பொது உரிமம்), மாற்றிய மென்பொருளைப் பிறருக்கு வழங்குபவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிறது. ஆனால் நம் செயலி சர்வரில், அதாவது இணையத்தில் இணைந்த மையக் கணினியில், ஓடுகிறது. எவருக்கும் நகல் கைமாறாததால் அந்தக் கடமை எழாது. 2007இல் வெளியான, ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இந்த இடைவெளியை அடைக்கிறது: நிரலை மாற்றிச் சர்வரில் ஓட்டுபவர், இணையம் வழியே அதைப் பயன்படுத்துவோருக்கு மூலநிரலைத் தர வேண்டும். மக்கள் உழைப்பில் உருவான இத்தகைய செயலிக்கு நான் ஏஜிபிஎல்லையே பரிந்துரைப்பேன்.

“வணிகப் பயன்பாடு கூடாது” என்ற நிபந்தனையைச் சேர்க்கும் ஆசை நிர்வாகக் குழுவில் கட்டாயம் எழும். அதைச் சேர்த்தால் அது திறமூல உரிமமாகவே, அதாவது எவரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் விடும் உரிமமாகவே, இராது. தாராபுரத்துக் கணினிக் கடைக்காரர் இதை நிறுவிக் கொடுத்து நியாயமான கூலி வாங்குவதையும் அது தடுத்துவிடும். அப்படி நிறுவிக் கொடுக்கும் கைகள் இல்லாமல் மென்பொருள் ஊர் கடந்து போகாது.

அடுத்து, பிறர் எழுதிய நிரல் நூலகங்களை (செயலிக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை) பயன்படுத்தியிருந்தால் அவற்றின் உரிமங்களையும் பாருங்கள். அப்பாச்சி 2.0 என்ற உரிமத்தில் வந்த நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் உள்ள நிரலுடன் சேர்க்கலாம், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பை மட்டுமே அனுமதிக்கும் நிரலோடு சேர்க்க முடியாது. பயிற்சிக் கையேடு, படங்கள் போன்றவற்றுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பொருந்தும். மென்பொருளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த உரிமத்தை வெளியிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது.

வெளியிடும் முன் கொடையாளர்களின் பெயரோ கைபேசி எண்ணோ களஞ்சியத்தில் (நிரல் கோப்புகளையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் சேமிக்கும் இடத்தில்) எங்கும் இல்லை என்பதை இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். சோதனைக்காக உண்மைப் பட்டியலை ஏற்றிப் பின்னர் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது தங்கிவிடும். திறந்து வைப்பது நிரலை மட்டுமே. நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவர்களின் விவரங்களை ஒருபோதும் திறக்கக் கூடாது.

இறுதியாக, உரிமத்தின் ஆங்கில வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் தனிக் கோப்பாக முதன்மைக் கோப்புறையில் வையுங்கள். தமிழ் விளக்கத்தை அருகில் வைக்கலாம். சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலமே. ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பிலும் ஆண்டு, உரிமையாளர் பெயர், உரிமப் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். செயலியின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூலநிரல் இருக்கும் முகவரிக்கு ஓர் இணைப்பு கொடுத்துவிடுங்கள்.